1605 பால் ஸ்க்ரூவுக்கு எண்ணெயா, கிரீஸா?

என் பட்டறையில் சில ஆண்டுகளாக இரண்டு சிறிய இயந்திரங்கள் ஓடுகின்றன. ஒன்று எம்டிஎஃப் பலகை வெட்டும் சிஎன்சி ரவுட்டர்; மற்றொன்று அலுமினியம் குடையும் மேசை மில்லிங். இரண்டிலும் இருப்பது அதே எஸ்எஃப்யூ 1605 பால் ஸ்க்ரூதான், அதாவது சுழலும் புரித்தண்டும், குண்டுகள் உருள அதன் மேல் நகரும் நட்டும்: 16 மி.மீ. விட்டம், சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு. ஆனால் ரவுட்டருக்கு கிரீஸ், மில்லிங்குக்கு எண்ணெய். எது நல்லது என்று யாராவது கேட்டால், என்ன வெட்டுகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

மில்லிங்குக்கு ஐஎஸ்ஓ விஜி 68 தடிமனுள்ள வே ஆயில் (இயந்திரத்தின் சறுக்குப் பாதைகளுக்கான எண்ணெய்) போடுகிறேன். மோபில் வாக்ட்ரா 2, இந்தியன் ஆயிலின் சர்வோவே 68 இரண்டும் இந்த ரகம். அலுமினியம் வெட்டி முடித்தபின் பழைய வெள்ளை வேட்டித் துணியால் ஸ்க்ரூவைத் துடைத்தால் சாம்பல் நிறக் கோடு விழும். விளக்கொளியில் பிடித்தால் அதில் வெள்ளித்துகள் மினுங்கும். எண்ணெய் அந்தத் துகளை, நட்டின் முனையில் ஸ்க்ரூவைத் துடைக்கும் வைப்பரின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறது. கிரீஸ் என்றால் துகள் அங்கேயே குடியிருக்கும். தண்ணீரில் கலக்கும் கூலண்ட் (வெட்டும்போது சூட்டைத் தணிக்கும் திரவம்) பயன்படுத்துவோர் மட்டும் வேலை முடிந்ததும் துடைத்து மறுபடி எண்ணெய் பூச வேண்டும். கூலண்ட் அதைக் கழுவிவிடும்.

எம்டிஎஃப் கதை வேறு. அந்த மாவுத்தூசி எண்ணெயில் படிந்தால் எள்ளுப் பிண்ணாக்கு மாதிரி இறுகிவிடுகிறது. அதனால் ரவுட்டரில் வெளியே தெரியும் புரிகளை ஏறக்குறைய உலர்வாகவே விட்டுவிட்டு, நட்டுக்குள் மட்டும் என்எல்ஜிஐ 2 (கெட்டித்தன்மையின் தர எண்) லித்தியம் கிரீஸ் ஏற்றுகிறேன். நட்டின் விளிம்பில் எம்6 துளை ஒன்று இருக்கும்; அதில் நிப்பிள் பூட்டி, நட்டை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே கிரீஸ் கன்னை மெதுவாக அழுத்த வேண்டும். வைப்பர் ஓரத்தில் மெல்லிய வளையம் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடலாம். அள்ளி அடைத்தால் நட் சூடாகும், கையால் சுற்றும்போதே கனம் தெரியும், படிப்படியாகச் சுழலும் சிறிய ஸ்டெப்பர் மோட்டார் படி தவறும். புதிதாக வாங்கிய மலிவு ஸ்க்ரூவில் பளபளப்பது பெரும்பாலும் துருத்தடுப்பு எண்ணெய்தான். அதை நம்பி ஓட்டிவிடாதீர்கள்.

கடைக்காரர் பரிந்துரைக்கும் கறுப்பு கிரீஸ் எனக்கு வேண்டவே வேண்டாம். மாலிப்டினம் டைசல்பைடு, கிராஃபைட் போன்ற திடத்துகள் கலந்த கிரீஸ் கூடாது என்று ரெக்ஸ்ராத் போன்ற தயாரிப்பாளர்களே எழுதியிருக்கிறார்கள். உள்ளே 3.175 மி.மீ. குண்டுகள் உருளத்தான் வேண்டும். பாதையில் துகள் சேர்ந்தால் உருளுவது தடைபடும். டபிள்யூடி-40 கழுவுவதற்கு நல்லது. நீரை விரட்டுவதற்காக 1953இல் உருவான திரவம் அது. அதையே மசகாக நம்பி ஸ்க்ரூவில் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

எப்போது மீண்டும் கிரீஸ் போடுவது? கையேடுகளில் நட்டின் 100 கி.மீ. ஓட்டம் என்ற அளவைப் பார்த்திருப்பீர்கள். நிமிடத்துக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அதைத் தொட 1,600 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வார இறுதியில் ஓட்டுகிறவர் அந்தக் கணக்கைப் பார்த்துக் காத்திருந்தால், தூரம் சேர்வதற்குள் கிரீஸ் பழசாகித் தூசியும் சேர்ந்துவிடும். நிறம் மாறினால் புதியதை ஏற்றி, பழையதை வெளியே தள்ளிவிடுகிறேன். சிறிய எழுத்து வேலைப்பாடு தொடர்ந்து செய்யும்போது நட் ஒரே இடத்தில் ஆடிக்கொண்டிருப்பதால், குண்டுகளுக்கு அடியிலிருந்து மசகு விலகிவிடும். அவ்வப்போது முழு நீளத்துக்கும் ஓட்டிவிடுவது என் வழக்கம். ரகம் மாற்றுவதென்றால் பழையதை நன்றாகக் கழுவுங்கள். லித்தியம், பாலியூரியா கிரீஸ்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

மில்லிங்கில் இசட் அச்சுக்கு (தலை மேலும் கீழும் நகரும் திசை) மட்டும் எண்ணெய் வேண்டாம். நிமிர்ந்து நிற்கும் ஸ்க்ரூவில் அது கீழே வழிந்துவிடும், கிரீஸ்தான் தங்கும். மின்சாரத்தை நிறுத்தியதும் தலை தானாக இறங்கினால் அதற்கு மசகைக் குறை சொல்லாதீர்கள். உராய்வு குறைந்து 90 சதவீதத் திறன் உள்ள ஸ்க்ரூ எடையைத் தாங்கி நிற்காது. எதிர் எடையோ பிரேக்கோ பூட்டுங்கள்.