ஆறு வருடமாக நெஞ்சுக்கு சார்ஜ் போடுகிறேன்

கூட நடக்க வரும் நண்பர் நேற்றுக் கேட்டார். "மச்சானுக்கு டிபிஎஸ் ஆபரேஷன் முடிவாயிடுச்சு சார். சார்ஜ் போடுற பேட்டரி வாங்குறதா, போடாததா?" அங்கேயே அரை மணி நேரம் பொரிந்து தள்ளினேன். மிச்சம் இது. டிபிஎஸ் என்றால், பார்க்கின்சன் போன்ற நடுக்க நோய்களுக்கு மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து, மார்பில் தோலுக்கடியில் புதைத்த பேட்டரிப் பெட்டியிலிருந்து மின்துடிப்பு அனுப்புவது. எனக்கு வைத்திருப்பது சார்ஜ் போடுகிற பெட்டி.

மூளைக்குள் இருக்கும் கம்பிகளைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். 1.27 மில்லிமீட்டர், சேமியா கனம். உள்ளே இருப்பதே தெரியாது. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இறங்கும் ஒயர், கழுத்தைத் திருப்பினால் லேசாக இழுக்கும். பெட்டியை வலது மார்பில் வைத்ததால், கார் ஓட்டும்போது சீட் பெல்ட் சரியாக அதன் மேலேயே வந்து உட்காரும். துண்டை மடித்து வைத்துக்கொள்கிறேன். இதெல்லாம் பழகிவிட்டது.

பழகாதது சார்ஜர். வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், வட்டத் தட்டு ஒன்றைப் பெட்டிக்கு நேராகச் சட்டை மேல் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். திரையில் கட்டங்கள் நிறைந்தால் சரியான இடம். ஒரு விரல்கடை நகர்ந்தாலும் பீப். இருமினால் பீப். செய்தித்தாளை எடுக்கக் குனிந்தால் பீப். மே மாதத்தில் தட்டின் சூடும் சேர்ந்தால், நெஞ்சில் தோசைக்கல்லைக் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

1987-ல் பிரான்சின் கிரெனோபிளில், ஆபரேஷன் நடுவே மின்துடிப்பின் வேகத்தைக் கூட்டிப் பார்த்தபோது நடுக்கம் நிற்பதைக் கண்டவர் மூளை அறுவை மருத்துவர் பெனாபிட். அவருக்குக் கோயில் கட்டலாம். எனக்கு நொடிக்கு 130 துடிப்பு வைத்திருக்கிறார்கள். எறும்பு ஊர்ந்த மாதிரி சுருங்கிப்போன என் கையெழுத்து, பெட்டியின் துடிப்பை டாக்டர் எனக்கேற்ற மாதிரி அமைக்கும் முதல் புரோகிராமிங் முடிந்த மாதமே பழைய அளவுக்கு வந்தது. பாங்கில் கையெழுத்து ஒத்துப்போகிறது என்றார்கள், கண் கலங்கிவிட்டது. ஆனால் அந்தச் சார்ஜர் தட்டை வடிவமைத்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

போன ஆவணியில் தேவகோட்டையில் ஒரு கல்யாணம். முந்தைய வாரம் சார்ஜ் போடச் சோம்பல்பட்டுவிட்டேன். ஊரில் போய்ப் பையைத் திறந்தால் சார்ஜர் இல்லை. முகூர்த்தத்தன்று காலை பெட்டி நின்றுபோனது. மொய்க் கவரில் பெயர் எழுத உட்கார்ந்தேன், முதல் எழுத்திலேயே பேனா கவரைத் தாண்டி மேசையில் கோடு போட்டது. பக்கத்தில் இருந்த பையன் ஒன்றும் கேட்காமல் கவரை வாங்கி, "பேரு சொல்லுங்க தாத்தா" என்றான். அன்று மாத்திரை மட்டுமே துணை. சாப்பாட்டை மனைவி ஊட்டினாள், பந்தியில் எல்லோரும் பார்க்க.

நியாயமாகப் பேசினால், சார்ஜ் போடாத பெட்டியை மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மார்பைக் கீறி மாற்ற வேண்டும். மூளைக் கம்பியைத் தொடமாட்டார்கள் என்றாலும் கத்தி கத்திதான், செலவும் செலவுதான். என்னுடையது 15 வருடத்துக்கு என்று கொடுத்தது. ஆறு வருடத்தில் பெட்டி பக்கம் ஒரு பழுது இல்லை. கணக்குப் போட்டால் இதுதான் லாபம்.

இருந்தாலும் நண்பரிடம், "மச்சானுக்கு சார்ஜ் போடாததையே வாங்குங்க" என்றுதான் சொன்னேன். அவர் மச்சான் செல்போனுக்கே ஒழுங்காக சார்ஜ் போடமாட்டாராம்.

இதைத் தட்டி முடிப்பதற்குள் நான்கு பீப். ஐந்தாவது இப்போது.