கேட்டதை எடுத்துக்காட்டும் கிடங்கு: லண்டன் வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ்

கிழக்கு லண்டனில் 2012ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளுக்காக எழுப்பப்பட்ட ஊடக மையக் கட்டடத்தின் ஒரு பகுதியில், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் (வி அண்ட் ஏ) அருங்காட்சியகம் தன் சேமிப்புக் கிடங்கை அமைத்து, 2025 மே 31 அன்று பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கலைப்பொருள்கள், மூன்றரை லட்சம் நூல்கள், ஏறத்தாழ ஆயிரம் ஆவணத் தொகுப்புகள் ஆகியவை நான்கு தளங்களில், சுமார் 16,000 சதுர மீட்டர் பரப்பில் வைக்கப்பட்டிருக்கின்றன. பொருளைச் சேமித்துவைப்பது, பழுது பார்ப்பது, மக்களுக்குக் காட்டுவது ஆகிய மூன்று வேலைகளும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. அருங்காட்சியகங்களை விரும்பிச் சென்று பார்ப்பவள் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வருகிறவரை வேடிக்கை பார்ப்பவராக மட்டும் நடத்தாமல், பொருளைக் கேட்டுப் பெறும் உரிமை உள்ளவராக நடத்தும் இடம் இது. அந்த ஒரு காரணத்துக்காகவே இது லண்டனில் தவறவிடக் கூடாத இடம் என்பேன்.

இந்தக் கிடங்கு உருவானதற்குக் காரணம் ஓர் அரசு முடிவு. மேற்கு லண்டனில், ஒரு காலத்தில் அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் தலைமையகமாக இருந்த பிளைத் ஹவுஸ் என்ற பெரிய கட்டடத்தில்தான் வி அண்ட் ஏ அருங்காட்சியகம் காட்சிக்கு வைக்காத பொருள்களைப் பல ஆண்டுகளாக வைத்திருந்தது. அந்தக் கட்டடத்தை விற்றுவிட 2015இல் பிரித்தானிய அரசு முடிவெடுத்தது. வெளியேறியே ஆக வேண்டிய நிலையில், ஊருக்கு வெளியே பூட்டிய கொட்டகை ஒன்றுக்குப் பொருள்களை அனுப்பிவிடாமல், கிடங்கையே திறந்து காட்டுவோம் என்று அருங்காட்சியகத்தார் துணிந்தது பாராட்டுக்குரியது. நியூயார்க் நகரைச் சேர்ந்த டில்லர் ஸ்கோஃபிடியோ ரென்ஃப்ரோ நிறுவனம் உள்வடிவமைப்பைச் செய்திருக்கிறது.

வெளியிலிருந்து பார்த்தால் கட்டடத்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை; பெரிய சரக்குக் கிடங்கு என்றே தோன்றும். உள்ளே நுழைந்து, பைகளைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் படியேறினால், கிடங்கின் நட்டநடுவே இருக்கும் உயர்ந்த கூடத்துக்கு வந்து சேர்கிறோம். வழக்கமான அருங்காட்சியகத்தில் முன்கூடத்திலிருந்து ஒவ்வோர் அறையாக உள்ளே போவோம். சேமிப்பறை எங்கோ நிலவறையில் இருக்கும். இங்கே பார்வையாளர் முதலில் வந்து நிற்பதே சேமிப்பறையின் மையத்தில்தான். நாற்புறமும் இரும்புத் தாங்கிகள் அடுக்கடுக்காக மேலே போகின்றன. காலடியில் கண்ணாடித் தளம். அதற்குக் கீழேயும் அடுக்குகள் தெரிகின்றன.

அந்த அடுக்குகளில் பொருள்கள் நாடு வாரியாகவோ காலவரிசைப்படியோ வைக்கப்படவில்லை. எடை, அளவு, செய்யப்பட்ட பொருளின் தன்மை ஆகியவற்றைப் பொறுத்தே இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே மரச்சிற்பம் ஒன்றுக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளும், அதற்கு மேல் பீங்கான் சாடியும், அதற்கு அடுத்து யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறையில் கிடந்த நாற்காலியும் இருக்கலாம். வகைப்படுத்தப்பட்ட கூடங்களில் அரசர் வீட்டுப் பொருளுக்கும் குடியானவர் வீட்டுப் பொருளுக்கும் இடையே தானாகவே ஒரு தூரம் விழுந்துவிடுகிறது. இங்கே அந்தத் தூரம் இல்லை. இரண்டும் ஒரே வகை மரப்பலகையின் மேல், ஒரே வகை நுரைப்பஞ்சுத் தாங்கலில், கழுத்தில் ஒரே மாதிரியான எண் சீட்டோடு நிற்கின்றன. நுரைப்பஞ்சை அந்தந்தப் பொருளின் வளைவுக்கு ஏற்பக் குடைந்து வெட்டியிருக்கும் நேர்த்தியை நின்று பார்த்தால், கண்ணாடிப் பேழைக்குள் வைத்த பொருளைவிட அதிகமாக அதன் எடையும் நொய்மையும் புரிகின்றன.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலையும் இருக்கிறது. பெரும்பாலான பொருள்களுக்கு அருகில் விளக்க அட்டை இல்லை. அடுக்குகளின் முனைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு காட்சிகள் அமைக்கப்பட்டு, அவற்றுக்கு மட்டும் விளக்கம் தரப்பட்டிருக்கிறது. மற்றவற்றைப் பற்றி அறிய வேண்டுமானால் கைபேசியை எடுத்துத் தேட வேண்டியதுதான். கைபேசித் தேடல் பழகாத முதியவர்களுக்கும், ஆங்கிலம் சரளமாக வாசிக்க இயலாதவர்களுக்கும் பாதிக் கிடங்கு ஊமையாகவே இருக்கும். எல்லாவற்றுக்கும் அட்டை வைத்தால் கிடங்கு கிடங்காக இருக்காது என்ற வாதம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் எந்த ஊர், எந்த நூற்றாண்டு என்ற ஒரு வரியையாவது எண் சீட்டில் சேர்த்திருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

அட்டை இல்லாத குறை மிகவும் உறுத்தியது ஆக்ரா தூண்வரிசையைப் பார்த்தபோது. கண்ணாடித் தளத்தின் மீது நின்று கீழே பார்த்தால் வெண்பளிங்குத் தூண்களும் வளைவுகளும் தெரிகின்றன. கீழ்த்தளத்தில் நிறுத்தப்பட்டிருக்கும் அவை 17ஆம் நூற்றாண்டில், ஷாஜகான் காலத்தில், ஆக்ரா கோட்டையின் குளியல் மண்டபத்துக்காகச் செதுக்கப்பட்டவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனி ஆட்சியாளர்கள் அந்த மண்டபத்தைப் பிரித்தெடுத்தார்கள். பிரிக்கப்பட்ட பளிங்கின் ஒரு பகுதி கடல் கடந்து, கடைசியில் இந்த அருங்காட்சியகத்தை வந்தடைந்தது. பல பத்தாண்டுகள் முழுமையாகக் காட்சிக்கு வராமல் கிடந்த அந்தத் தூண்களை மீண்டும் நிமிர்த்தி நிறுத்தியது பெரிய வேலை. அதைச் செய்தவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு கட்டடத்தின் உடைந்த பகுதி இது, இன்னார் காலத்தில் இன்னாரால் பிரிக்கப்பட்டது என்ற செய்தி, கைபேசியில் தேடுபவருக்கு மட்டும் கிடைத்தால் போதாது. தூணின் எதிரே நிற்கும் எவர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். இந்த அருங்காட்சியகத்தின் தெற்காசியச் சேகரிப்பின் கணிசமான பகுதி, கிழக்கிந்தியக் கம்பெனி லண்டன் லெடன்ஹால் தெருவில் தொடங்கிய இந்திய அருங்காட்சியகம் 1879இல் கலைக்கப்பட்டபோது வந்து சேர்ந்தது. அடுக்குகளின் ஒழுங்கை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டுகிறவர்கள், பொருள்கள் வந்த வழியையும் அதே வெளிப்படையோடு காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே.

கிடங்கில் இதுபோல் பேரளவான பொருள்கள் வேறு சிலவும் உள்ளன. ஸ்பெயினில் டொலேடோவுக்கு அருகில் டோரிஹோஸ் என்னும் ஊரில் இருந்த அரண்மனையின் 15ஆம் நூற்றாண்டு மரக் கூரை, பொன்பூச்சோடு தலைக்கு மேலே கவிந்திருக்கிறது. அந்த அரண்மனை இன்று இல்லை. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1930களில் பிட்ஸ்பர்க் வணிகர் எட்கர் காஃப்மனுக்காக வடிவமைத்த அலுவலக அறை முழுவதுமாக இங்கே இருக்கிறது. ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி 1926இல் ஃபிராங்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காகத் திட்டமிட்ட சிறிய சமையலறையும் இருக்கிறது. சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், கை எங்கே நீள்கிறது என்று கணக்கிட்டு அமைத்த அந்த அறையின் முன்னால் பெண்கள் அதிக நேரம் நின்றதைப் பார்த்தேன். நானும் நின்றேன். இழுப்பறைகளின் வரிசையும், வேலைப் பலகையின் உயரமும், இன்றைய அடுக்ககச் சமையலறைகள் எங்கிருந்து புறப்பட்டன என்பதைச் சொல்லாமல் சொல்கின்றன. அருகிலுள்ள பாப்லர் பகுதியில் இடிக்கப்பட்ட ராபின் ஹூட் கார்டன்ஸ் என்னும் அரசுக் குடியிருப்பின் கான்கிரீட் முகப்புத் துண்டு ஒன்றும் அடுக்கின் முனையில் பொருத்தப்பட்டிருக்கிறது. மக்கள் குடியிருந்த வீட்டை அருங்காட்சியகப் பொருளாக்குவது சரியா என்ற விவாதம் இங்கே பலமாக நடந்தது. அந்த விவாதம் முடிந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

பாதுகாப்புப் பணிக்கூடத்தை மேலிருந்து கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். பார்வையாளர்களுக்காக நடிக்கும் வேலை எதுவும் அங்கே நடக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. ஒருவர் ஒரு சட்டகத்தின் மேல் குனிந்து, மிகச் சிறிய தூரிகையால் ஒரே இடத்தை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார். பெரிய மாற்றம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. பாதுகாப்புப் பணி என்பது பெரும்பாலும் அப்படித்தான். வெளிச்சம், ஈரப்பதம், அந்துப்பூச்சி, தூசி, மனிதக் கையின் வியர்வை ஆகியவற்றோடு நாள்தோறும் நடத்தும் போராட்டம் அது. பூச்சி இருக்கலாம் என்று ஐயப்படும் துணிகளை உறைநிலைக்கு வெகு கீழே குளிரவைத்து முட்டையோடு அழிப்பதும், சாயத் துணிகள் மீது விழும் ஒளியை 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் போகவிடாமல் காப்பதும் உலகெங்கும் அருங்காட்சியகங்களில் உள்ள நடைமுறை. அடுக்குகளுக்கிடையே ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது என்று முகம் சுளிப்பவர்களுக்கு இந்த விளக்கத்தை ஒரு பலகையில் எழுதி வைத்தால் நல்லது.

இனி, இந்த இடத்தின் உயிர்நாடியான சேவைக்கு வருகிறேன். ஆய்வாளர் என்ற அடையாளமோ, பரிந்துரைக் கடிதமோ தேவையில்லை. அருங்காட்சியகத்தின் இணையத்தளத்தில் தேடி, இங்கே இருக்கும் பொருள்களில் ஐந்து வரை தேர்ந்தெடுத்து, குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக நாளும் நேரமும் குறித்துவிட்டால் போதும். அவற்றை எடுத்துவந்து உங்கள் முன் வைக்கிறார்கள். இதற்கும் கட்டணம் இல்லை.

நான் கேட்டிருந்தது, சோழமண்டலக் கடற்கரையில் 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சந்தைக்காகக் கையால் வண்ணம் தீட்டப்பட்ட பருத்தித் துணி. பழவேற்காடு, சென்னைப்பட்டினம், மசூலிப்பட்டினம் முதலிய துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறிய இத்தகைய துணிகள் இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஏராளமாக உள்ளன. பணியாளர் அதை மேசையின் மேல் விரித்தபோது முதலில் கண்ணில் பட்டது இலைகளின் நிறம்: பச்சையாக இருக்க வேண்டிய இலைகள் நீலமாக இருந்தன. அந்தக் காலத்தில் நீலத்தின் மேல் மஞ்சளைத் தீட்டித்தான் பச்சையை வரவழைத்தார்கள். மஞ்சள் நிலையற்ற சாயம், வெளிச்சம் பட்டு மங்கிவிடும். அவுரி நீலம் நின்றுவிடும். துணியைக் கடுக்காயிலும் எருமைப் பாலிலும் ஊறவைத்துக் காயவிட்டு, கரித்தூளால் வடிவத்தைப் பதித்து, இரும்புக் கரைசலால் கறுப்புக் கோடு இழுத்து, படிகாரம் தடவிய இடங்களைச் சாயவேரில் சிவக்கவைத்து, நீலம் ஏறக் கூடாத பகுதிகளை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் தோய்த்து என்று பல கைகள் பல வாரம் பார்த்த வேலை அது. மெழுகு வெடித்த இடங்களில் நீலம் கசிந்து, மயிரிழை போன்ற கோடுகளாக ஓடியிருந்ததைக் கண்ணுக்கு அருகில் பார்க்க முடிந்தது. சுவரில் சட்டமிட்டு, ஒளியைக் குறைத்து, ஓரடி தள்ளி வைத்திருந்தால் அந்தக் கோடுகள் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று பணியாளர் பொறுமையாகச் சொன்னார். பின்பக்கத்தைப் பார்க்க விரும்பியபோது அவரே ஓரத்தை மெல்லத் திருப்பிக் காட்டினார்.

அந்தத் துணியை இந்த இடத்தில் பார்ப்பதற்குத் தனிப் பொருத்தம் இருக்கிறது. சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியின் நெசவாளர்கள், இந்தியத் துணிகளால் தங்கள் பிழைப்பு கெடுகிறது என்று 1719இல் கலகம் செய்து, அந்தத் துணிகளை உடுத்திச் சென்ற பெண்களைத் தாக்கினார்கள். அதற்கு முன்பே 1700ஆம் ஆண்டுச் சட்டம் இறக்குமதிக்குத் தடை போட்டிருந்தது. 1721இல் உடுத்துவதற்கே தடை வந்தது. கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் பக்கம் வசிக்கும் நம்மவர்கள் இந்த இடத்துக்கு வந்துபோவது எளிது. ஆனால் அவர்களில் எத்தனை பேர் தங்கள் ஊர்க் கடற்கரைத் துணியை இப்படிக் கேட்டுப் பார்க்கலாம் என்று அறிந்திருப்பார்கள் என்பது ஐயமே. அருங்காட்சியகம் அக்கம்பக்கத்து மக்களின் மொழிகளில் இந்தச் சேவையைப் பற்றிச் சொன்னால் பயன் மிகும்.

நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் 2021இல் திறக்கப்பட்ட போய்மன்ஸ் அருங்காட்சியகக் கிடங்கு இதற்கு முன்னோடி. கண்ணாடி முகப்புடன் கிண்ண வடிவில் நிற்கும் அந்தக் கட்டடம் இதைவிட அழகானது. உலோகம், புகைப்படம் என்று பொருளுக்கேற்ற தட்பவெப்ப அறைகளாகப் பிரித்திருப்பதும் கச்சிதம். ஆனால் அங்கே கட்டணம் செலுத்தி நுழைய வேண்டும். எவரும் காசில்லாமல் நுழையலாம், எவரும் பொருளைக் கேட்கலாம் என்ற இரண்டு விஷயங்களில் லண்டன் கிடங்கு முன்னே நிற்கிறது.

1924ஆம் ஆண்டு பாலே நாடகத்துக்காகப் பிக்காசோவின் ஓவியத்தைப் பெரிதாக்கித் தீட்டிய, பத்து மீட்டருக்கும் அதிக உயரமுள்ள திரைச்சீலை தனிக் கூடத்தில் தொங்குகிறது. அதற்கென்றே கொஞ்ச நேரம் உட்காரலாம். 2025 செப்டம்பரில் சேர்க்கப்பட்ட டேவிட் போவி மையத்தில் அந்தப் பாடகரின் 90,000க்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. ரசிகர்கள் அங்கே பொழுதைக் கழிப்பார்கள், எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை.

ஹாக்னி விக் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். நாள்தோறும் காலை 10 மணிக்குத் திறக்கிறார்கள். வியாழன், சனிக்கிழமைகளில் இரவு 10 மணி வரை இருக்கலாம் என்பதால் வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த இரண்டு நாள்களே வசதி. சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் கைப்பிடித்தே கூட்டிச்செல்ல வேண்டும், ஏனெனில் பல பொருள்களுக்கும் நமக்கும் இடையே கண்ணாடி இல்லை. முன்பதிவு செய்யாமல் போனால் அடுக்குகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம், அதுவும் வீண் போகாது. ஆனால் போவதற்கு மூன்று வாரம் முன்பே இணையத்தளத்தில் உங்கள் மாவட்டத்தின் பெயரையோ, உங்கள் வீட்டுத் தொழிலின் பெயரையோ தட்டித் தேடிப் பாருங்கள். கிடைப்பவற்றில் இரண்டோ மூன்றோ போதும், ஐந்தையும் கேட்க வேண்டாம். ஒரு பொருளை நிதானமாகப் பார்த்து முடிப்பதற்குள் குறித்த நேரம் கரைந்துவிடுகிறது.