தரையை மட்டும் காட்டும் வாசல் விளக்கு

பினாங்கில் வாசலுக்கு லைட் வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பது 6500 கெல்வின் வெள்ளை விளக்கைத்தான். கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண், அது குறையக் குறைய ஒளி மஞ்சளாகும். நான் தேடியது 2700 கெல்வின் மஞ்சள் ஒளி, அதுவும் மேல்பக்கம் முழுக்க மூடிய கூட்டோடு. ஜெலுத்தோங்கில் ஒரு லைட் கடையின் மேல் தட்டில் தூசி படிந்து கிடந்தது. 7 வாட், ஆள் நடமாட்டம் பார்த்து எரியும் சென்சாரோடு 62 ரிங்கிட். "வெளிச்சம் பத்தாதுக்கா, திருடன் வந்தாலும் தெரியாது" என்றான் கடைத் தம்பி.

நன்றாகவே பத்துகிறது. மூடியில்லாத விளக்கு பாதி வெளிச்சத்தை வானத்துக்கும் எதிர்வீட்டு ஜன்னலுக்கும் அனுப்பிவிடும். இது மொத்தத்தையும் கீழே கொட்டுகிறது. கேட்டின் பூட்டுத் துவாரம் தெரிகிறது, அம்மா காலையில் போட்ட கோலத்தில் அழியாமல் மிஞ்சிய புள்ளிகள்கூடத் தெரிகின்றன. திருடன் விஷயத்துக்கும் இதுதான் மேல். முன்பு இருந்த ஃப்ளட்லைட் கண்ணில் நேரே அடிக்கும். கண்பாவை சுருங்கிவிடுவதால், சாக்கடை ஓரத்து இருட்டில் ஆள் நின்றாலும் தெரியாது. இப்போது அந்த மூலையும் தெரிகிறது.

அம்மாவின் அறை வாசலை ஒட்டியது. நீலம் அதிகமுள்ள வெள்ளை ஒளி இரவில் கண்ணில் பட்டால், தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பது குறையும். திரைச்சீலை ஓரமாக உள்ளே வந்துகொண்டிருந்த அந்த வெளிச்சம் நின்றதில் எனக்குப் பெரிய நிம்மதி. லைட்டுக்குக் கீழே கூட்டிப் பெருக்க வேண்டிய பூச்சிகளும் குறைந்துவிட்டன.

காற்றில் அதிகம் சிதறுவதும் இந்த நீல ஒளிதான். நகரத்து வானம் வெளிறிப்போவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர் தங்கள் ஊரிலிருந்து பால்வெளியைப் பார்க்கவே முடியாது என்று 2016இல் வந்த ஒளிமாசு வரைபடம் சொன்னது. பந்தாய் கெராச்சுட் போன்ற கடற்கரைகளில் பொரியும் ஆமைக்குஞ்சுகள், வெளிச்சமான அடிவானத்தை வைத்துத்தான் கடலைக் கண்டுபிடிக்கின்றன. கரையில் விளக்கு எரிந்தால் திசைமாறிப் போய்ச் செத்துவிடும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் ஜொலிக்கட்டும், அது நம் கொண்டாட்டம். ஆளே இல்லாத சந்தில் விளக்கு விடிய விடிய எரிகிறதே, அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

என் ஒரு விளக்கால் பினாங்கு வானம் இருண்டுவிடாது. ஆனால் கண்கூச்சம் போனதால், வானம் தெளிந்த இரவில் அம்மாவின் ஜென்ம நட்சத்திரமான திருவாதிரை, அதன் செந்நிறத்தோடு வாசலிலிருந்தே தெரிகிறது.

குறைகளும் உண்டு. பூனை போனாலும் சென்சார் எரியவைக்கிறது. அடியில் உள்ள திருகைத் திருப்பிக் கொஞ்சம் குறைக்கலாம், முழுசாக நிற்காது. கூட வந்த ஆணிகள் கடல்காற்றில் துருப்பிடித்துவிட்டன, அதனால் ஸ்டெயின்லெஸ் ஆணி தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். வெளிச்சம் சுற்றி மூன்று மீட்டருக்குத்தான் வரும். நீளமான போர்ச் என்றால் இரண்டு வேண்டும்.

இதைப் பார்த்த பக்கத்து வீட்டு அங்கிளிடம், எங்கள் சுவரைப் பார்த்திருந்த அவர் ஃப்ளட்லைட்டைக் கொஞ்சம் தரைப்பக்கம் சாய்க்க முடியுமா என்று கேட்டேன். ஏணி போட்டு அன்றைக்கே சாய்த்துவிட்டார். ஆகவே எல்லாருமே புதிதாக வாங்க வேண்டியதில்லை. வாங்குவதென்றால் பெட்டியில் கெல்வின் எண்ணைப் பாருங்கள், 3000க்கு மேல் இருந்தால் வேண்டாம். அப்புறம், மூடியுள்ள மஞ்சள் விளக்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால்தான் மேல் தட்டிலிருந்து எடுத்துத் தருகிறார்கள்.