டொலர் கணக்கோடு பதினொரு வருடம்

2014 இல் கணவர் கத்தாரிலிருந்து லீவில் வந்தபோது மட்டக்களப்பு டவுனில் ஒரு வங்கியில் அவர் பெயரில் என்.ஆர்.எஃப்.சி கணக்கு ஒன்றைத் திறந்தோம். வெளிநாட்டில் உழைப்பவர் தன் காசை டொலர் போன்ற வெளிநாட்டு நாணயமாகவே இங்கே வைத்திருக்கும் கணக்கு அது. அவர் இல்லாத நேரத்தில் நான் கையொப்பம் வைக்கலாம் என்று எழுதியும் கொடுத்தார். ஆரையம்பதியில் எங்கள் ஒழுங்கையில் வெளிநாட்டுக் காசு வராத வீடு குறைவு. வந்த காசை டொலராகவே வைத்திருக்கிற வீடு அதைவிடக் குறைவு. பதினொரு வருடம் இந்தக் கணக்கைப் பாவித்ததில் கண்டதை எழுதி வைத்தால், புதிதாகத் திறக்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதல் நான்கு மாதம் கணக்கில் ஒரு டொலர்கூட ஏறவில்லை. காசு வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் எல்லாம் என்னுடைய சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு ரூபாயாகப் போயிருந்தது. வங்கியில் இருந்த பிள்ளை கணவர் அனுப்பிய துண்டின் படத்தை என் போனிலேயே பெரிதாக்கி, ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினாள். "அக்கா, இதில பாருங்க, இலங்கை ரூபா என்று போட்டிருக்கு. அவங்க அங்கேயே மாத்திட்டாங்க." அங்குள்ள நாணயமாற்றுக் கடைகளில் இலங்கைக்கு என்று சொன்னாலே ரூபாய்க்குத்தான் துண்டு எழுதுகிறார்கள். இந்தக் கணக்குக்கு வர வேண்டுமென்றால் டொலராக, வங்கிக்கு வங்கி அனுப்பும் சுவிஃப்ட் வழியில், கணக்கு இலக்கத்துக்கே அனுப்பச் சொல்ல வேண்டும். ரூபாயாக வந்து இறங்கிய காசை மறுபடி டொலராக்கி இதில் போடவே முடியாது. வெளிநாட்டு நாணயமாக வந்தது மட்டும்தான் உள்ளே போகும்.

அதற்குப் பிறகு அனுப்பியது திரும்பிப் போனது. கணக்கில் அவருடைய தகப்பன் பெயர் முதலெழுத்தாக இருந்தது, அனுப்பிய படிவத்தில் முழுப் பெயராக இருந்தது. அதைத் திருத்தியதும் வந்தது, ஆனால் 500 அனுப்பினால் 500 வரவில்லை. டொலர் பெரும்பாலும் அமெரிக்காவில் உள்ள ஒரு இடைவங்கியைத் தொட்டுத்தான் வரும், அதுவும் தன் கூலியை எடுத்துக்கொள்ளும். செலவை யார் ஏற்பது என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஓ.யு.ஆர் என்று போட்டால் அனுப்புகிறவர் தலையில், எஸ்.எச்.ஏ என்றால் அனுப்புகிற வங்கியின் கூலி அனுப்புகிறவருக்கு, மற்றது வாங்குகிறவருக்கு. நாங்கள் மாதாமாதம் அனுப்புவதை விட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து அனுப்பினோம். கூலி மூன்றில் ஒன்றாகக் குறைந்தது.

2017 நவம்பரில் புதிய வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1953 ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2017 இன் 12 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. எங்கள் கணக்கின் பெயர் பி.எஃப்.சி.ஏ, அதாவது தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு, என்று மாறியது, அவ்வளவுதான். இதை ஓஃப்ஷோர் கணக்கு என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியில்லை. ஓஃப்ஷோர் வங்கித் தொழில் என்பது 1979 இலிருந்து நம் வங்கிகளுக்குள்ளேயே தனிப் பிரிவாக நடப்பது, பெரும்பாலும் வெளிநாட்டவருக்கும் ஏற்றுமதிக் கம்பனிகளுக்கும் உரியது. எங்களுடையது உள்நாட்டுக் கிளையில், மற்ற எல்லோரும் நிற்கிற அதே வரிசையில் நின்று நடத்துகிற கணக்கு.

சரி, 2022 க்கு வருகிறேன். அந்த ஜனவரியில் வங்கி டொலருக்கு 200 சொச்சம் கொடுத்துக்கொண்டிருந்தது. என் தம்பி வந்து, "ரியாலுக்குப் பத்து ரூபா கூடத் தாறாங்க அக்கா" என்றான். வங்கி வழியில்லாமல் அங்கே காசை வாங்கி இங்கே ரூபாய் கொடுக்கிற உண்டியல்காரரைத்தான் சொன்னான். மூன்று மாதக் காசை அந்த வழியில் எடுத்தோம். அங்கே கணவர் ரியாலைக் கையில் கொடுத்தார், இங்கே ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் வந்து ரூபாயை எண்ணித் தந்தான். துண்டும் இல்லை, கையொப்பமும் இல்லை. இதில் டொலர் நாட்டுக்குள் வருவதே இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. 2020 இல் வங்கி வழியாக இலங்கைக்கு வந்த தொழிலாளர் பணம் ஏறத்தாழ 7.1 பில்லியன் டொலர். 2022 இல் அது 3.8 பில்லியன். காஸ் சிலிண்டருக்கு நான் வெயிலில் நின்ற நாட்களில், கப்பலுக்குக் கொடுக்க டொலர் இல்லை என்று வானொலி சொன்னது. அந்தக் குறைவில் எங்கள் மூன்று மாதமும் இருந்தது. இன்றைக்கும் எனக்கு அது வருத்தம்தான்.

மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள், அதாவது அதன் விலையைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்டார்கள். மே மாதம் டொலர் 360 ஐத் தொட்டது. உண்டியலில் வாங்கி ரூபாயாக வைத்திருந்ததன் பெறுமதி கண் முன்னாலேயே கரைந்தது. கணக்கில் கிடந்த ஒவ்வொரு 1,000 டொலரும் இரண்டு இலட்சத்திலிருந்து மூன்று இலட்சத்து அறுபதாயிரமாக ஆகியிருந்தது.

அந்த ஜூலையில் மலேசியாவில் படிக்கும் மகனுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். ரூபாயோடு போன பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம், "விற்க எங்களிடம் டொலர் இல்லை, பெயரைப் பதிந்து வைக்கிறோம்" என்று சொல்லி அனுப்பினார்கள். அவருடைய பேரனும் அங்கேதான் படிக்கிறான். எங்கள் கணக்கிலோ எங்களுடைய டொலரே இருந்தது. அனுமதிக் கடிதம், கட்டணப் பற்றுச்சீட்டு, விசாப் பிரதி, மகனுடைய கடவுச்சீட்டு எல்லாம் கொடுத்தேன். கிளை அதைக் கொழும்புக்கு அனுப்பி எட்டு நாள் வைத்திருந்தது. அந்த எட்டு நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் காசு போய்ச் சேர்ந்தது. பெரியம்மாவுக்கு நகை அடகு வைத்தும் ஒரு தவணை தவறிவிட்டது.

குறைகளும் இருக்கின்றன. தாளாகக் கொண்டுபோனால் மடிப்பு, பேனாக் கீறல், பழைய அச்சு என்று திருப்பித் தருவார்கள். சுவிஸிலிருந்து வந்த மாமா தந்த பிராங்கில் இரண்டு தாளை அப்படித்தான் வாங்கவில்லை. கையில் வைத்திருக்கவும் எல்லை உண்டு. 2022 ஜூனில் அதை 15,000 டொலரிலிருந்து 10,000 ஆகக் குறைத்தார்கள், கூட வைத்திருந்தவர்களுக்கு 14 வேலை நாள் தவணை கொடுத்தார்கள். அலுமாரியில் சேர்த்து வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அப்புறம், காசு எங்கிருந்து வந்தது என்று கேட்கும் படிவம். முதலில் எனக்கு அது அவமானமாக இருந்தது. 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 இலட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசுக் கொடுக்கல் வாங்கலை வங்கி, மத்திய வங்கியின் நிதி உளவறிதல் பிரிவுக்கு அறிவித்தே ஆக வேண்டும் என்று ஒரு அதிகாரி விளக்கிய பிறகு கோபம் போய்விட்டது. சம்பளக் கடிதத்தைக் கையோடு கொண்டு போனால் ஐந்து நிமிட வேலை அது.

டொலருக்கு வட்டி குறைவு, அது உண்மை. 2020 ஏப்ரலில் கொண்டுவந்த விசேட வைப்புக் கணக்கில் மட்டும் ஒரு வருடத்துக்கு வழக்கமான வட்டியோடு 2 வீதம் கூடக் கிடைத்தது. ஒரு தொகையை அதில் போட்டோம், முதிர்ந்ததும் டொலராகவே கையில் வந்தது.

கணவர் இப்போது ஊரோடு வந்துவிட்டார். கணக்கு அப்படியே ஓடுகிறது. போன கிழமை மகனின் கடைசித் தவணையை அனுப்பினோம், இந்த முறை இரண்டே நாள். சுவிஃப்ட் பிரதியைத் துளையிட்டு, 2014 இலிருந்து சேர்த்து வரும் நீல ஃபைலில் கோத்தேன். 2022 தொடக்கத்தில் அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் அதில் ஒரு தாளும் இல்லை.