நாக்குக்கடியில் பத்து நிமிடம்: புப்ரெனார்ஃபின்–நலாக்சோன் மாத்திரை எப்படி?

ஹெராயின், மார்ஃபின், ஃபென்டனில், வலி மாத்திரை என எந்த ஓபியாய்டில் சிக்கியவருக்கும் ஒரு சாதாரணக் குடும்ப மருத்துவர் தன் கிளினிக்கிலேயே சிகிச்சை தொடங்கலாம் என்றால், அதற்கு முதல் காரணம் இந்த மாத்திரைதான். இதே சிகிச்சைக்குத் தரப்படும் மெத்தடோனும் நல்ல மருந்து. நோயாளிகளைச் சிகிச்சையில் தக்கவைப்பதில் அதன் கை சற்று ஓங்கியே இருக்கிறது. ஆனால் அளவு கூடினால் மெத்தடோன் மூச்சையே நிறுத்திவிடும். புப்ரெனார்ஃபினில் ஓர் அளவுக்கு மேல் மூச்சை அடக்கும் வேலை கூடுவதில்லை. பிரான்ஸ் 1995-இல் இதை எழுதும் உரிமையை எல்லா மருத்துவர்களுக்கும் கொடுத்தது. 1999-க்குள் அங்கே மிகை அளவுச் சாவுகள் 79 சதவீதம் குறைந்தன.

மருந்தைக் குறை சொல்ல அதிகம் இல்லை. குறையெல்லாம் அதைச் சொல்லிக்கொடுக்கும் விதத்தில்தான்.

2 மி.கி., 8 மி.கி. என இரண்டு அளவுகள் பரவலாகக் கிடைக்கின்றன; நாலுக்கு ஒரு பங்கு, ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நலாக்சோன் சேர்த்திருக்கும். நாக்குக்கடியில் கரைந்தால் நலாக்சோன் பெரும்பாலும் ரத்தத்துக்குப் போவதில்லை. கரைத்து ஊசியில் ஏற்றினால்தான் அது விழித்துக்கொண்டு ஆளை ஆட்டிவைக்கும். அது பூட்டு மாதிரி, மருந்து புப்ரெனார்ஃபின்தான்.

விழுங்கினால் வேலைக்காகாது. கல்லீரலே பெரும்பகுதியைத் தின்றுவிடும். மாத்திரையை வைக்கும் முன் ஒரு மடக்குத் தண்ணீரில் வாயை நனைக்க வேண்டும். வறண்ட வாயில் அது சுண்ணாம்புத் துண்டு போல அப்படியே கிடக்கும். முழுதாகக் கரைய 5 முதல் 10 நிமிடம். அதுவரை பேச்சு, தண்ணீர், சிகரெட் எதுவும் கூடாது. ஊறும் எச்சிலையும் முடிந்தவரை விழுங்காமல் வைத்திருக்க வேண்டும். கசப்பு தாங்காமல் நாலாவது நிமிடமே விழுங்கிவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்று வருபவர்கள் ஏராளம். அளவைக் கூட்டும் முன், எதிரிலேயே ஒரு மாத்திரையைப் போடச் சொல்லிப் பார்ப்பது நல்லது. கரைந்தபின் தண்ணீரால் வாயைக் கொப்பளித்து விழுங்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்தே பல் துலக்க வேண்டும். இல்லாவிட்டால் சொத்தை விழும் ஆபத்து உண்டு.

பெரிய சறுக்கல் நடப்பது முதல் மாத்திரையில். மூளையின் ஓபியாய்டு ஏற்பிகளைப் புப்ரெனார்ஃபின் மிக இறுக்கமாகப் பிடிக்கும். ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஹெராயினைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் ஏறும். ஆனால் ஹெராயின் அளவுக்கு வேலை செய்யாது. அந்த வித்தியாசம் ஒரே வீச்சில் கடும் வித்டிராயலாக, அதாவது பழகிய போதை நின்றதும் உடல் படும் அவஸ்தையாக வெடிக்கும். அதனால்தான் காத்திருக்கச் சொல்கிறார்கள்: ஹெராயின் என்றால் குறைந்தது 12 மணி நேரம், மெத்தடோன் என்றால் 24 முதல் 72 மணி நேரம். தொடர்ந்து ஃபென்டனில் எடுத்தவருக்கு அது கொழுப்பில் தேங்கியிருப்பதால் கடிகாரக் கணக்கு அடிக்கடி பொய்த்துப்போகும். கடிகாரத்தைவிட ஆளைப் பார்ப்பதே மேல். விரிந்த கண்மணி, ஓயாத கொட்டாவி, கையில் புல்லரிப்பு, மூக்கொழுக்கு. வித்டிராயல் எவ்வளவு கடுமை என்று அளக்கும் ‘கௌஸ்’ (COWS) அளவுகோலின் 11 கேள்விகளில் 8 முதல் 12 மதிப்பெண்ணாவது வந்தபின்தான் முதல் 2 அல்லது 4 மி.கி. ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தும் அறிகுறி இருந்தால் மறுபடி. முதல் நாள் பொதுவாக 8 மி.கி. வரை, இரண்டாம் நாள் 16 வரை போகலாம்.

காத்திருந்தும் வித்டிராயல் வெடித்துவிட்டால், பயந்துபோய் மருந்தையே நிறுத்துவதுதான் அடுத்த தப்பு. பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் புப்ரெனார்ஃபின் கொடுப்பதுதான் வழி. வாந்திக்கு ஆன்டான்செட்ரானும் படபடப்புக்குக் குளோனிடினும் துணைக்கு.

அளவில் கஞ்சத்தனம் இன்னொரு நோய். 4 மி.கி.யிலேயே நிறுத்திவைத்துவிட்டு, நோயாளி மறுபடி ஹெராயின் பக்கம் போனதும் ‘மன உறுதி இல்லை’ என்கிறார்கள். பலருக்கு 16 மி.கி. தேவை, சிலருக்கு 24. கால்வாசி மருந்தில் முழுப் பலனை எதிர்பார்ப்பது நோயாளியின் தப்பு அல்ல.

சிறுநீர்ப் பரிசோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது. வழக்கமான ஓபியேட் பட்டையில் புப்ரெனார்ஃபின் தெரியாது. அதற்கென்று தனிப் பட்டை வேண்டும். இது தெரியாமல், ஒழுங்காக மாத்திரை போடுபவரைப் பார்த்து ‘விற்றுவிட்டாயா?’ என்று கேட்டால் அவர் அடுத்த முறை வரமாட்டார்.

மலச்சிக்கல், தலைவலி, வியர்வை எல்லாம் வரும், சமாளிக்கலாம். இதோடு மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால்தான் ஆபத்து, அப்போது மூச்சு அடங்கும். கல்லீரல் மோசமாகக் கெட்டவர்களுக்கு இந்தக் கலவை சரிப்படாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டி வைத்தே ஆக வேண்டும், ஒரே மாத்திரை ஒரு குழந்தையின் உயிரை எடுக்கப் போதும்.

எத்தனை மாதம்? இதற்கு முன்கூட்டிய கணக்கு கிடையாது. ‘ஒரு போதைக்கு இன்னொரு போதை’ என்று வீட்டார் நச்சரித்து அவசரமாக நிறுத்தவைத்தால், மறுபடி ஹெராயினைத் தொடங்கும்போது பழைய அளவைத் தாங்கும் உடல் இருக்காது. பழைய அளவே சாவு அளவாகிவிடும். மூக்கில் அடிக்கும் நலாக்சோன் ஸ்பிரே வீட்டில் இருப்பது இதற்காகவும்தான்.

மது, மெத் (மெத்தாம்ஃபெட்டமின்) போன்றவற்றின் போதைக்கு இது மருந்தல்ல. குடியையும் சேர்த்து நிறுத்த வைக்கும் எண்ணத்தில் யாராவது, ஓபியாய்டு ஏற்பிகளை அடைத்துவிடும் நால்ட்ரெக்ஸோனையும் எழுதிவிட்டால் கதை கெட்டது: அது வித்டிராயலைக் கிளப்பும். ஒரே சீட்டில் இரண்டு பெயரும் இருந்தால் மருந்துக் கடைக்குப் போகாமல் எழுதியவரிடமே திரும்பிப் போங்கள்.