பார்க்லேண்ட் வாக்: நாயுடன் பல ஆண்டுகள் நடந்த அனுபவம்

வடக்கு லண்டனில் ஃபின்ஸ்பரி பார்க்கிலிருந்து ஹைகேட் வழியாக அலெக்ஸாண்ட்ரா பேலஸ் நோக்கிச் செல்லும் பார்க்லேண்ட் வாக் என்ற நடைபாதை, கைவிடப்பட்ட ஒரு ரயில் தடத்தின் மேல் அமைந்தது. எங்கள் லாப்ரடார் குட்டியாக இருந்த காலம் முதல், மூட்டுவலியோடு மெல்ல நடக்கும் இன்றைய நிலை வரை, எல்லாப் பருவங்களிலும் இதைப் பயன்படுத்தி வருகிறோம். நாய் வளர்ப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால், புல்வெளியும் இருக்கைகளும் நிறைந்த பூங்காவை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். ரயிலுக்கென்று போடப்பட்ட வழியாதலால், இதன் வசதிகளும் தொல்லைகளும் பெரும்பாலும் அந்த ஒரே காரணத்திலிருந்தே பிறக்கின்றன.

முதலில் வசதியைச் சொல்ல வேண்டும். 1867இல் இந்தத் தடத்தைத் திறந்தவர்கள், நீராவி எஞ்சின் செங்குத்தான ஏற்றத்தில் திணறும் என்பதால், மேடான இடங்களை வெட்டியும் தாழ்ந்த இடங்களை மண்ணிட்டு உயர்த்தியும் பாதையைச் சீராக்கினார்கள். க்ரவுச் எண்ட் பகுதியின் தெருக்களில் ஏறி இறங்கியவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். மேலே தெரு மூச்சு வாங்க வைக்கும்போது, கீழே இந்தப் பாதை ஏறுவதே தெரியாமல் ஏறிக்கொண்டிருக்கும். அதைவிடப் பெரிய நன்மை, தெருக்கள் எல்லாம் பாலங்கள் வழியாகத் தடத்துக்கு மேலோ கீழோ போய்விடுவதுதான். ஃபின்ஸ்பரி பார்க் முனையிலிருந்து ஹைகேட்டின் ஹோம்ஸ்டேல் சாலை வரை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு சாலையைக்கூடக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. கூப்பிட்டால் வரும் நாயாக இருந்தால் நீண்ட பகுதிகளில் வாரைக் கழற்றிவிட்டு நடக்கலாம். இருபுறமும் சரிவும் மரங்களுமாக இருப்பதால் அது பெரும்பாலும் நம் முன்னாலோ பின்னாலோதான் ஓடும்.

பயணிகள் ரயில் 1954இல் நின்றது. தண்டவாளங்கள் 1970களின் தொடக்கத்தில் அகற்றப்பட்டன. 1984இல் நடைபாதையாகத் திறக்கப்பட்டு, 1990இல் உள்ளூர் இயற்கைக் காப்பகம் என்ற தகுதியையும் பெற்றது. இந்த வரலாற்றில் ஆர்வமில்லாதவர்களும் பழைய க்ரவுச் எண்ட் நிலையத்தில் ஒரு கணம் நிற்பார்கள். இரண்டு நடைமேடைகளும் அப்படியே இருக்க, ரயில் ஓடிய பள்ளத்தில் நாமும் நாயும் நடந்து போகிறோம். அதற்குச் சற்று அருகில், செங்கல் சுவரின் வளைவொன்றிலிருந்து வெளியே தாவுவது போன்ற ஓர் உருவம் இருக்கிறது. கார்ன்வால் நாட்டார் கதைகளில் வரும் ஸ்பிரிகன் என்ற பூதத்தை மேரிலின் காலின்ஸ் இங்கே சிற்பமாக்கியிருக்கிறார். எங்கள் நாய் குட்டியாக இருந்தபோது அதைப் பார்த்துக் குரைக்காமல் ஒரு நாளும் அந்த இடத்தைக் கடந்ததில்லை.

இனித் தொல்லைகள். ரயில் தடத்தின் அகலத்தை மரஞ்செடிகள் நெருக்கிவிட்டதால், சில இடங்களில் இரண்டு நாய்கள் எதிரெதிரே வந்தால் ஒதுங்கி நிற்கவும் இடம் போதாது. மிதிவண்டிக்கும் இங்கே அனுமதி உண்டு. காலை வேளையில் வேலைக்கு விரைபவர்கள் மணி அடிக்காமல் பின்னாலிருந்து வந்துவிடுவார்கள் என்பதால், அந்த நேரத்தில் வாரைக் கழற்றாமல் இருப்பதே நல்லது. வேறு நாய்களைக் கண்டால் பதறும் நாயை வார இறுதியில் இங்கே அழைத்து வர வேண்டாம் என்றே சொல்வேன், ஏனெனில் வெளியேறும் வழிகள் தூரத்துக்கு ஒன்றாகத்தான் இருக்கின்றன, அவற்றிலும் சில படிக்கட்டுகள். விளக்குகள் கிடையாது. டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால், அலுவலகம் முடிந்து வருபவர்களுக்குக் குளிர்காலம் முழுவதும் இந்தப் பாதை இல்லாத மாதிரிதான். நவம்பர் முதல் மார்ச் வரை சேறு வேறு. வெட்டுப் பள்ளங்களில் நீர் வடியாமல் தேங்கும். முழங்கால் காலணியும், நாயின் வயிற்றைத் துடைக்க ஒரு பழைய துண்டும் இல்லாமல் புறப்படக் கூடாது.

கோடையின் ஆபத்து வேறு வகை. ஜூன், ஜூலையில் காயும் புல்லின் கூரிய கதிர்கள் நாயின் விரல் இடுக்கிலும் காதிலும் ஏறி உள்ளே நகர்ந்துகொண்டே போகும். வீடு திரும்பியதும் பாதங்களை விரித்துப் பார்ப்பது எங்கள் வீட்டில் மாறாத வழக்கம். இது நரிகள் நிறைந்த இடமும்கூட. நரியின் எச்சத்தில் புரள்வதை நாய்கள் ஏன் பேரின்பமாகக் கருதுகின்றன என்று தெரியவில்லை, ஆனால் அன்றைய மாலை நமக்குக் குளியலறையில்தான் கழியும். ஆகஸ்டு இறுதியில் பிளாக்பெரி பழுக்கும். தாழ்ந்த கிளைகளில் இருப்பதை நாயும் உயர்ந்தவற்றை நாமுமாகப் பங்கிட்டுக்கொள்கிறோம்.

ஹைகேட் முனையில் பழைய சுரங்க வாய்கள் தெரியும். உள்ளே வௌவால்கள் வாழ்வதால் அவை அடைக்கப்பட்டுள்ளன; பாதை அங்கே அறுந்துபோகிறது. வெளியே வந்தால் போக்குவரத்து நெரிசல் மிகுந்த ஆர்ச்வே சாலை, அதில் லண்டன் தமிழர்கள் நன்கறிந்த ஹைகேட் முருகன் கோயில். நாயை உள்ளே கொண்டு செல்ல முடியாது என்பதால், நானும் மனைவியும் மாறி மாறி ஒருவர் வழிபட ஒருவர் வாசலில் நிற்போம். பைரவரின் வாகனத்துக்கு முருகன் வாசலில் இடமில்லையே என்று மனைவி குறைபட்டுக்கொள்வதுண்டு.

அங்கிருந்து வடக்குப் பகுதியை அடைய மஸ்வெல் ஹில் சாலையோரமாகவோ, ஹைகேட் காட்டின் ஊடாகவோ போக வேண்டும். காட்டு வழியே சிறந்தது, அங்கே சிற்றுண்டிச்சாலையும் உண்டு. க்ரான்லி கார்டன்ஸ் அருகே தொடங்கும் வடக்குத் துண்டு சிறியது. இது 1873இல் அலெக்ஸாண்ட்ரா பேலஸுக்காகவே போடப்பட்ட கிளை. அந்த மாளிகையோ திறந்த பதினாறாம் நாளே தீக்கிரையாகி, பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. பதினேழு வளைவுகள் கொண்ட பாலத்தின் மேலிருந்து நகரம் முழுவதும் விரிந்து தெரிகிறது. நேரம் குறைவாக உள்ளவர்கள் இந்தத் துண்டை மட்டும் நடந்தாலும் போதும் என்பேன்.

எங்கள் நாய்க்கு வயதான பிறகு நடக்கும் திசையை மாற்றிவிட்டோம். மஸ்வெல் ஹில்லுக்கு டபிள்யூ7 பேருந்தில் ஏறிச் சென்று, காட்டின் வழியாக ஹைகேட்டுக்கு வந்து, அங்கிருந்து இறக்கமாகவே ஃபின்ஸ்பரி பார்க் வரை நடக்கிறோம். லண்டன் பேருந்துகளில் நாயை ஏற்றுவது ஓட்டுநரின் விருப்பத்தைப் பொறுத்தது என்றாலும், வாரில் பிடித்த அமைதியான நாயை யாரும் மறுத்து நாங்கள் பார்த்ததில்லை. கூட்டமில்லாத முற்பகல் வேளை இதற்கு ஏற்றது.