ஆட்டிசக் குழந்தைக்கு எந்த மொழி: வீட்டு மொழியா, பள்ளி மொழியா?

குடியேறிய குடும்பத்தில் குழந்தைக்கு ஆட்டிசம் என்று உறுதியானதும், "வீட்டு மொழியை நிறுத்துங்கள், பள்ளி மொழி மட்டும் போதும்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். சில சமயம் சொல்பவர் மருத்துவராகவே இருப்பதால் பெற்றோர் மறுத்துப் பேசுவதில்லை.

அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஓரிடத்தில் கற்றதை வேறிடத்தில் பயன்படுத்துவது இக்குழந்தைகள் பலருக்குக் கடினம். பேச்சுப் பயிற்சி அறையில் கேட்ட சொல்லே சமையலறையிலும் கேட்டால் அது பதிய வாய்ப்பு அதிகம். பெற்றோர் இருவரும் பள்ளி மொழியில் சரளமாகப் பேசிச் சிரிப்பவர்கள் என்றால், இந்த வழியில் பெரிய நட்டம் இல்லை.

சிக்கல் மற்ற வீடுகளில்தான். சரளம் இல்லாத அம்மாவின் பேச்சு "வா, உட்கார், தொடாதே" என்று கட்டளைகளாகச் சுருங்கிவிடும். கதை, கொஞ்சல், கேலி எல்லாம் நின்றுபோகும். தாத்தா பாட்டியும் அண்ணன் அக்காவும் வீட்டு மொழியில் பேசிக்கொண்டிருக்க, உறவாடுவதற்கே சிரமப்படும் குழந்தை அந்தப் பேச்சுக்கு வெளியே நிற்கும். பயிற்சியாளரிடம் வாரத்தில் சில மணி நேரம், வீட்டாரோடு மீதி நேரம் முழுவதும். எந்த மொழியைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

இரு மொழி குழப்பும் என்ற அச்சத்துக்கு ஆய்வுகள் துணைநிற்கவில்லை. கனடாவில் ஹேம்ப்ளி, ஃபோம்போன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 75 ஆட்டிசக் குழந்தைகளை ஒப்பிட்டு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழிச் சூழலில் வளர்ந்தவர்களுக்குக் கூடுதல் மொழித் தாமதம் தென்படவில்லை. பின்வந்த ஆய்வுகள் பலவும் இதையே காட்டுகின்றன. பேச்சே மிகக் குறைவாக உள்ள குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகள்தான் இன்னும் சொற்பம்.

ஆகவே வீட்டில் வீட்டு மொழி, பள்ளியில் பள்ளி மொழி. காணொளிகளிலிருந்து குழந்தை தானாகவே பள்ளி மொழியைப் பிடித்துக்கொண்டால் தடுக்க வேண்டாம். குழந்தை எந்த மொழியில் கேட்டாலும், பதிலை வீட்டு மொழியில் சொல்லலாம். குழந்தை தனக்கு வேண்டியதைச் சுட்டிக் காட்டும் படப் பலகையில், படத்துக்குக் கீழே இரு மொழியிலும் எழுதலாம். குழந்தைக்குப் பதிலாகச் சொற்களை ஒலிக்கும் பேசும் கருவி வாங்குவதானால், அதில் வீட்டாரின் குரலைப் பதிய முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

குழந்தையின் மொழித் திறனை மதிப்பிடும்போதுதான் அதிக விழிப்பு தேவை. பள்ளி மொழிச் சொற்களை மட்டும் எண்ணினால் குழந்தைக்குத் தெரிந்ததில் பாதி கணக்கில் வராது. வீட்டில் சொல்லும் சொற்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேளுங்கள். மொழிபெயர்க்கும் வேலையை மூத்த பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள்.